பள்ளியில் தனித்திருப்போரும் கலைத் துணையும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

மக்கள் நெருங்கியிருக்கும் இடங்களுள் பள்ளிக்கூடத்தை ஒப்பது பிறிதொன்றில்லை. ஓர் அறையில் நாற்பதின்மர். ஒரு பலகையில் மூவர் நால்வர். ஒரே மணியோசைக்கு எழுதலும் அமர்தலும். ஒரே பாடத்தை ஒருங்கே ஓதுதலும். இத்துணை நெருக்கத்தினிடையே ஒருவர் தனித்திருத்தல் கூடுமோவெனின், கூடும் என்பதே விடை. அன்றியும், கூட்டத்தின் நடுவிலுள்ள தனிமை காட்டிடைத் தனிமையினும் கொடிது. காட்டிலிருப்பவன் தன்னருகே ஒருவருமில்லை என்றே வருந்துவான். வகுப்பில் தனித்திருப்பவனோ, அருகில் நாற்பதின்மர் இருந்தும் தனக்கென ஒருவருமில்லையே என்று வருந்துவான்.

தனிமை இருவகைத்து. தானே விரும்பி மேற்கொள்ளும் தனிமை ஒன்று. புலவரும் துறவியரும் நாடியது அது. நூலொடு ஒதுங்கி மரநிழலில் அமரும் மாணவன்மீது நாம் இரங்கவேண்டுவதில்லை. மற்றொன்று பிறரால் விடப்பட்ட தனிமை. அதற்குட்பட்ட பிள்ளை மணியடித்தபின் வகுப்பிற்கு வரும். மணியடிக்குமுன் புத்தகத்தைக் கட்டி வைக்கும். நண்பகலில் உணவைச் சுவரை நோக்கி உண்ணும். விளையாட்டிற்குக் கட்சி பிரிக்குங்கால் இறுதியில் எஞ்சி நிற்கும். ஆசிரியர் அப்பிள்ளையை "அமைதியான பிள்ளை" என்று பாராட்டுவார். குறும்பு செய்யும் பிள்ளை நாள்தோறும் ஆசிரியர் கண்ணில் படுதலும், இப்பிள்ளை ஆண்டு முழுதும் படாதொழிதலும் பள்ளிகளில் நிகழ்வனவே. இவ்விரண்டாம் வகையினரைக் குறித்தும், அவர்க்கு இசையும் பிற கலைகளும் எவ்வாறு துணையாகக் கூடும் என்பது குறித்தும் சில கூற விழைகின்றோம்.

இப்பொருளை ஆராய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. தாம்பரத்திற்கு வடகிழக்கே கோவிலம்பாக்கம் என்னும் ஊர் உளது. கீழ்க்கட்டளை, நன்மங்கலம், மேடவாக்கம் ஆகியவை அதன் அண்டையூர்கள். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராயிருந்த அது, பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலை அமைந்தபின் அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய புறநகராயிற்று. இன்று அங்குள்ள ஒரு வகுப்பறையில், தலைமுறை பலவாய் அவ்வூரிலேயே வாழ்வோரின் பிள்ளைகளும், தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தோரின் பிள்ளைகளும், பீகாரிலும் ஒடிசாவிலுமிருந்து கட்டட வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளும் ஒருங்கே அமரக் காணலாம். வந்தவருள் பலர் ஆண்டிறுதியில் வேறிடம் பெயர்வர். நட்பு வேரூன்றுமுன் செடியைப் பிடுங்கி நடுவது போன்றது இது.

சற்றுத் தெற்கிலும் கிழக்கிலும் செல்வோமாயின், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய குடியிருப்புகளைக் காண்போம். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டளவில் தோன்றியது. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட வீடுகள் உள. 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னர்க் கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல இங்குக் கொணரப்பட்டன. நகரின் நடுவே ஒரு பள்ளியில் தோழர் பலரோடு பயின்ற பிள்ளை, ஆண்டின் இடையே நெடுந்தொலைவிற்கு அப்பால் வந்து, அறியாதார் நடுவில் அமர நேர்ந்தது. சிலர் பழைய பள்ளிக்கே நாள்தோறும் நெடுவழி சென்றனர். சிலர் படிப்பையே நிறுத்தினர். குடியிருப்பின் பெயரைச் சொல்லவும் கூசுகின்ற நிலை சில பிள்ளைகட்கு உண்டாயிற்று. ஆகவே, தனிமை என்பது ஒரு பிள்ளையின் இயல்புக் குறையென்று முடிவு கட்டுதல் பொருந்தாது. சாலையும் வெள்ளமும் வாடகையும் சாதியும் வறுமையும் கூடி அதனைத் தோற்றுவிக்கின்றன.

நிற்க. இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிந்து துணை செய்தற்கென்றே அமைந்தது பள்ளிச் சமூகப் பணி. அமெரிக்க நாட்டில் 1906, 1907-ஆம் ஆண்டுகளில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்போர்டு ஆகிய நகரங்களில், பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே சென்றுவரும் ஆசிரியர்கள் ஏற்பட்டனர். பிள்ளை பள்ளிக்கு வாராமையின் காரணத்தைப் பிள்ளையின் வீட்டிற்கே சென்று அறிதல் அவர்தம் தொழிலாயிருந்தது. நம் நாட்டில் இத்துறைக் கல்வி 1936-இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பெயரால் நிறுவப்பெற்ற பள்ளியில் தொடங்கிற்று. அதன் முதல் தலைவர் கிளிபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்க மிஷனரி. சென்னையில் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் 1952-இல் சமூகப் பணிப் பள்ளி தோன்றிற்று.

எனினும், நம் பள்ளிகளில் இப்பணிக்கென நிலையாக ஒருவர் இருத்தல் இன்னும் அரிதாகவே உளது. நாங்குநேரியில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் பயின்றோராலேயே தாக்கப்பட்ட செய்தி தமிழகத்தை உலுக்கியதை யாவரும் அறிவர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை அளித்தது. பள்ளி நல அலுவலர்களை அமர்த்துதல் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. மாணவரிடையேயுள்ள பிரிவினையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் ஒருவரே தீர்த்துவிட முடியாது என்பதை அப்பரிந்துரை உணர்த்துகின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர் எனத் தேசியக் குற்ற ஆவணக் கணக்குக் கூறுகின்றது. ஒவ்வொரு சாவிற்கும் காரணம் வெவ்வேறாயிருக்கும். எல்லாவற்றையும் தனிமையின்மேல் ஏற்றுதல் தகாது. ஆயினும், மனத்துயரை எடுத்துரைக்க ஒரு தோழரேனும் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்க்க அவ்வெண் நம்மைத் தூண்டவில்லையா?

இனி, தனித்திருப்போரைக் கண்டறிவது எங்ஙனம்? ஜேக்கப் மொரீனோ என்னும் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் வீயன்னா நகரில் மாணவராயிருந்த காலத்தில், பூங்காக்களில் விளையாடும் சிறுவரைச் சூழ அமர்த்திக் கதை சொல்லி, அக்கதையை அவர்களையே நடிக்கச் செய்தவர். பின்னர் அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்து ஹட்சன் என்னுமிடத்திலிருந்த சிறுமியர் பயிற்சிப் பள்ளியில் ஆராய்ச்சி செய்தார். "நீ யாருடன் வாழ விரும்புகின்றாய்?" என்று ஒவ்வொருவரையும் வினவி, விடைகளைத் தாளில் அம்புக்குறிகளாக வரைந்தார். சிலரை நோக்கிப் பல அம்புகள் பாய்ந்தன. சிலரை நோக்கி ஒன்றேனும் வரவில்லை. அம்பு வாராத அப்புள்ளிகளே தனித்து விடப்பட்டோர். இம்முறையை விளக்கும் அவருடைய நூல் 1934-இல் வெளிவந்தது. இன்றும் ஓர் ஆசிரியர், "சுற்றுலாவில் யார் அருகில் அமர விரும்புகின்றீர்?" என்னும் ஒரு வினாவைத் தாளில் எழுதச் செய்து, அரைமணி நேரத்தில் தம் வகுப்பின் படத்தை வரைந்துவிடலாம். ஆனால், அப்படத்தை அவர் தம்மளவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். தனித்த பிள்ளை இன்னாரென்று வகுப்பறியச் சொல்லுதல் புண்ணைக் கிளறுவதாகும்.

கண்டறிந்தபின் செய்யத்தக்கது யாது? அழைத்து அமர்த்தி, "உனக்கு என்ன குறை?" என்று வினவுதல் எளிது; விடை பெறுதல் அரிது. துயரை எடுத்துரைத்தற்குச் சொல் வேண்டும். சொல்லைக் கேட்போரிடத்து நம்பிக்கை வேண்டும். இவ்விரண்டும் இல்லாமையே அப்பிள்ளையின் நிலை. இவ்விடத்திலேதான் கலை கைகொடுக்கின்றது. தாளம் போடுதற்கு மொழி வேண்டா. களிமண்ணைப் பிசைதற்குத் தன் வரலாற்றைச் சொல்ல வேண்டா. சவுல் மன்னன் மனங் கலங்கியபோது, இளைஞனாகிய தாவீது அறிவுரை கூறவில்லை. சுரமண்டலத்தை எடுத்து வாசித்தான் என்று திருமறை கூறுவதை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கின்றோம்.

இக்கால ஆராய்ச்சியும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில் கிர்ஷ்னர், டோமசெல்லோ என்னும் இருவர் 4 வயதுக் குழந்தைகளை இருவர் இருவராகச் சேர்த்து விளையாடச் செய்தனர். சில இணைகள் பாடியும் ஆடியும் தாளமிட்டும் விளையாடின. பிற இணைகள் அதே விளையாட்டைப் பாட்டின்றி ஆடின. பின்னர் ஒரு குழந்தையின் கையிலிருந்த கோலிகள் சிதறும்படி செய்தபோது, பாடி ஆடிய குழந்தைகளே தம் தோழர்க்கு மிகுதியாக உதவின. அவ்வாராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் பியர்ஸ், லானே, டன்பார் என்போர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்று. அவர்கள் வயது வந்தோர்க்கான வகுப்புகளை ஏழு திங்கள் நோக்கினர். பாட்டு வகுப்பினர் தொடக்கத்திலேயே விரைவாக ஒருவரோடொருவர் நெருங்கினர். கைத்தொழில் வகுப்பினரும் எழுத்து வகுப்பினரும் மெல்ல நெருங்கி, இறுதியில் அவர்களுக்கு ஒப்பாயினர். இதனால் நாம் அறியத்தக்கது: எக்கலையாயினும் உடனிருந்து பயில நட்பு வளரும்; இசையோ கதவை விரைவில் திறந்துவிடும்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைவு கூர்க. ஆயர்பாடியில் தீக்குறிகள் தோன்றுகின்றன, பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆனேறுகள் கண்ணீர் சொரிகின்றன. அச்சம் சூழ்ந்த அவ்வேளையில் மாதரி செய்தது யாது? குரவைக் கூத்திற்கு ஏற்பாடு செய்தாள். மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்க்கு இட்டாள். ஒவ்வொருத்தியும் ஓரிசை. ஒருத்தி விலகின், ஒரு பெண் குறைவதோடு நில்லாது ஓரிசையே குறையும். குழுக்கலையின் மறைபொருள் முழுதும் இவ்வேற்பாட்டில் அடங்கியிருக்கின்றது. தன்னை யாரும் வேண்டார் என்று எண்ணும் பிள்ளைக்கு, "நீ இல்லையேல் பாட்டு நிறைவெய்தாது" என்று சொல்லாமற் சொல்லுவது இது.

ஆயின், அக்காட்சியில் உள்ளத்தை வருத்துவது ஒன்றும் உண்டு. கண்ணகியும் காணவேண்டும் என்பதற்காகவே அக்குரவை ஆடப்பெற்றது. ஊர்க்குப் புதியவளாய், கணவன் நகர்க்குச் சென்றிருக்க, தனித்திருந்தவள் அவளே. ஆனால், எழுவருள் அவள் ஒருத்தியல்லள். அவள் காண்பவளாகவே இருந்தாள். நம் பள்ளிகளில் நிகழும் கலைவிழாக்களை எண்ணுங்கால் இக்காட்சி எம் மனக்கண்முன் வருகின்றது. மேடையில் ஆடுவோர் பலர். அவர்களைப் பார்த்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தனித்த பிள்ளை ஒன்று. கலை அப்பிள்ளையின் கண்முன் நடக்கின்றது, அப்பிள்ளையைத் தொடவில்லை.

தமிழக அரசு பள்ளிக் கல்வித் துறையின் வாயிலாக 2022-23-ஆம் கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடத்தி வருகின்றது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நிகழும். சிறந்தோர்க்குக் கலையரசன், கலையரசி என்னும் பட்டங்கள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மேடை கிடைத்தமையும், பறையும் கும்மியும் பள்ளி வாயிலுள் மதிப்போடு நுழைந்தமையும் பெரிதும் பாராட்டத்தக்கவை. யாம் அதனைக் குறை கூறவில்லை. ஆனால், போட்டியின் இயல்பு தெரிந்தெடுத்தல். தெரிந்தெடுத்தலின் மறுபுறம் ஒதுக்குதல். ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அது மருந்தாகாது. ஆதலின், பரிசுக்குரிய கலையோடு, பரிசில்லாத கலைக்கும் பள்ளியில் ஓரிடம் வேண்டும் என்பதே எம் கருத்து. பரிசில்லாத அவ்விடத்தில், நன்றாகப் பாடுபவன் யார் என்ற வினா எழாது. இன்று வாராதவன் யார் என்ற வினாவே எழும்.

அதற்கேற்ற கலைகள் நம்மிடத்தே நிறைய உள. கும்மியில் எல்லாரும் வட்டத்தில் நிற்பர். வட்டத்திற்கு முதலுமில்லை, கடையுமில்லை. கோலாட்டத்தில் ஒருவர் கோல் மற்றொருவர் கோலைத் தொட்டாலன்றி ஓசை பிறவாது. ஆடுவோர் மாறி மாறி எல்லாரையும் எதிர்கொள்வர். பின்னல் கோலாட்டமோ இன்னும் நுட்பமானது. மேலிருந்து தொங்கும் கயிறுகளுள் ஒவ்வொன்றை ஒவ்வொருவர் பற்றி, உள்ளும் புறமும் நுழைந்து ஆட, கயிறுகள் சடையாகப் பின்னும். அடியை மாற்றி ஆட, பின்னல் அவிழும். ஒருவர் தவறினும் பின்னல் சிக்குறும். அங்ஙனம் சிக்குற்றபோது யாவரும் நகைத்து, நின்று, ஒருவரையொருவர் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். அந்நகைப்பும் அப்பார்வையுமே நாம் நாடும் பயன்.

முன்னின்று பாடக் கூசும் பிள்ளைக்கு வில்லுப்பாட்டு உதவும். தலைமைப் பாடகர் கதை கூற, உடனிருப்போர் "ஆமாம்" என்று எதிரொலிப்பர். அவ்வொரு சொல்லைச் சொல்லுதல் பேசாப் பிள்ளைக்கும் இயலும். அதுவுமின்றிக் கதை நகராது. குடம், உடுக்கை, தாளம், கட்டை எனப் பலர்க்கும் பணி உண்டு. முகங்காட்ட அஞ்சும் பிள்ளைக்குப் பாவைக்கூத்து ஏற்றது. திரைக்குப் பின்னிருந்து பேசுங்கால் பேசுவது பாவையேயன்றித் தானன்று என்னும் துணிவு பிறக்கும். வீட்டில் நேர்ந்த சினத்தையும் அச்சத்தையும் பாவையின் வாயால் பிள்ளை வெளியிடுதல் உண்டு; அறிந்த பணியாளர் அதனைக் குறித்துக் கொள்வார்.

இவையெல்லாம் வெறுங் கற்பனையல்ல என்பதற்குத் தமிழர் வாழ்விலிருந்தே இரண்டு சான்றுகள் தருவோம்.

முதலாவது திண்டுக்கல்லில் உளது. 1990-ஆம் ஆண்டில் கன்னித் துறவியராகிய பெல்சி, சந்திரா ஆகிய இருவர் அங்குச் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினர். ஒடுக்கப்பட்ட குலத்து இளம்பெண்களே அதன் மாணவியர். அவர்கள் கைக்கொண்ட கருவி பறை. சாவு வீட்டில் அடிக்கப்படுவது, தீண்டத்தகாதார் கருவி, ஆடவர்க்கே உரியது என்று மும்மடங்காக ஒதுக்கப்பட்டிருந்தது அது. ஒதுக்கப்பட்ட கருவியை ஒதுக்கப்பட்ட பெண்கள் தம் தோளில் மாட்டி, தலைநிமிர்ந்து அடியெடுத்து ஆடியபோது, கருவியும் மாண்புற்றது, அவர்களும் மாண்புற்றனர். ஆட்டங்களோடு, தன்மதிப்பையும் வாழ்க்கைக்கு வேண்டிய தொழிற்றிறனையும் வளர்ப்பதாக அப்பயிற்சி அமைந்தது. அமெரிக்க இசையறிஞர் ஸோயி ஷெரினியன் அக்குழுவைப் பற்றி 2018-இல் ஒரு திரைப்படம் ஆக்கியுள்ளார். தனிமையின் வேர் நாணத்தில் இல்லாமல் சாதியில் இருக்குமாயின், எக்கலையைத் தேர்கின்றோம் என்பதும் முதன்மையான வினாவாகும் என்பதை இச்சான்று புலப்படுத்துகின்றது. பிள்ளையின் வீட்டுக் கலையைப் பள்ளி இழிவாக எண்ணிக்கொண்டே, வேறொரு கலையால் அப்பிள்ளையை உயர்த்த முயலுதல் பயனற்றது.

இரண்டாவது சான்று கடல் கடந்து ஈழநாட்டு மட்டக்களப்பில் உளது. போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், 1996-ஆம் ஆண்டு, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா அங்குத் தோன்றிற்று. இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் அதனைத் தொடங்கியவர்கள். சூழவுள்ள சிற்றூர்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் ஒருங்கே வந்தனர். போரில் உற்றாரை இழந்தோரும், கொடியவற்றைக் கண்ணால் கண்டோரும் அவர்களுள் இருந்தனர். அங்கே அவர்கள் களிமண்ணால் உருவஞ் செய்தனர், ஓவியம் தீட்டினர், கதை கட்டினர், பாடினர், நாடகம் ஆடினர். அப்பகுதியைச் சேர்ந்த இருசமயத்து இளைஞர்களே வழிநடத்துவோராக இருந்தனர். பிள்ளை வாய் திறவாதிருப்பின் அவர்கள் வற்புறுத்துவதில்லை. மண்ணும் வண்ணமும் பேசும்வரை உடனிருந்தனர். ஊர்கள் இரண்டாய்ப் பிளந்து நின்ற நாளில், ஒரே மண்ணைப் பிசைந்த கைகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டன.

இவ்விரண்டையும் ஒப்பு நோக்கின் சில பொதுமைகள் விளங்கும். கலை கற்பித்தல் மட்டும் நோக்கமன்று; உடனிருத்தலே நோக்கம். வழிநடத்துவோர் அப்பகுதி மக்களை அறிந்தவர். ஒருநாள் விழாவாக முடியாமல் பணி நெடிது தொடர்ந்தது. பிள்ளைகளின் குரல் அங்கே மதிக்கப்பட்டது.

இனி, நம் புறநகர்ப் பள்ளி ஒன்றில் இதனைச் செய்வது எங்ஙனமென விளக்குவோம். கோவிலம்பாக்கத்தில் ஆறாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுவனை எண்ணிக் கொள்க. அவன் தந்தை ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சிறுவனுக்குத் தமிழ் ஓரளவு தெரியும்; ஆனால், ஒரு சொல்லை மாற்றி ஒலித்தபோது வகுப்பு நகைத்தது; அன்றிலிருந்து அவன் வாய் திறப்பதில்லை. அவனையும் அவனைப் போன்ற பிறரையும் மட்டும் திரட்டிக் குழுவாக்குதல் தவறு. அது தனித்தோர் கூட்டம் என்று பெயர் பெற்றுவிடும். பத்துப்பேர் கொண்ட குழுவில் தனித்தோர் இருவர் மூவரும், யாவரும் விரும்பும் பிள்ளைகள் சிலரும், இடைப்பட்டோர் சிலரும் கலந்திருத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் கூடுதல் வேண்டும். நிலையற்ற வாழ்வுடைய பிள்ளைக்கு மாறாத ஒரு நேரமே பெரியதோர் ஆறுதல்.

முதல் வாரம் அச்சிறுவன் சுவரோரம் நிற்பான், நிற்கட்டும். "இக்கட்டைகளைச் சற்று வைத்துக்கொள்" என்று தாளக் கட்டைகளை அவன் கையில் கொடுத்தால் போதும். கையிலுள்ள கட்டை நெடுநேரம் வாளா இராது. மூன்றாம் வாரம் அவன் தட்டத் தொடங்குவான்; நான்காம் வாரம் அவன் தாளத்தையே பிறர் நம்பிப் பாடுவர். ஒருநாள் வழிநடத்துவோர், "உங்கள் வீட்டில் பாடும் பாட்டு ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்று யாவரையும் கேட்பர். அவன் தன் தாய் பாடும் ஒடியாப் பாட்டைக் கொண்டு வருவான். இப்போது சொல்லை மாற்றி ஒலிப்பவர் மற்றை ஒன்பதின்மர், திருத்துபவன் அவன். அந்நாளில் அவன் நகைப்பானாயின், அவர்களும் உடன் நகைப்பர். முன்னர் அவனை வாய் மூடச் செய்த நகைப்பே அன்று அவனை வாய் திறக்கச் செய்யும். எல்லாப் பிள்ளைகளிடத்தும் இங்ஙனமே நிகழும் என்று யாம் கூறவில்லை. சிலர் பாட்டை விரும்பார். அவர்க்கு ஓவியம் வேண்டும். சிலர்க்கு ஓராண்டும் போதாது.

கலையின் எல்லையையும் ஈண்டு உரைத்தல் கடன். பசித்த பிள்ளைக்கு முதலில் வேண்டுவது சோறு. அடிக்கப்படும் பிள்ளைக்கு வேண்டுவது காவல். இழிசொல்லுக்கு ஆளாகும் பிள்ளையைக் குழுவில் பாடச் செய்துவிட்டு, இழிசொல் கூறியோரைக் கண்டியாது விடுதல் அறமன்று. மனநோய்க்குரிய குறிகள் காணப்படின் மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். துயருறும் சிறாருக்கென 1098 என்னும் தொலைபேசி எண்ணும், மனநலத் துணைக்கென 14416 என்னும் எண்ணும் உள. இவை பள்ளிச் சுவரில் யாவரும் காணும்படி எழுதப்படுதல் நன்று. பணியாளர் பிள்ளையின் வீட்டிற்கும் செல்லுதல் வேண்டும். பாவையின் வாயால் வெளிவந்த செய்தியைக் கேட்டு வியந்து நிற்பதோடு அமையாமல், அதற்கு ஆவன செய்பவரே சமூகப் பணியாளர்.

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்க்கும், பழைய மாணவராகிய பெரியோர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும் ஒரு விண்ணப்பம். எல்லாப் பள்ளிகளிலும் நல அலுவலர் அமரும் நாள் வரும்வரை நாம் வாளா இருத்தல் வேண்டுமா? கல்லூரி மாணவர் நால்வர் வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குதல் அரிதன்று. ஒருவர்க்குக் கும்மி தெரியும். ஒருவர்க்குப் பறை தெரியும். ஒருவர்க்கு ஓவியம் வரும். ஒன்றும் வாராதவர்க்குத் தாளக் கட்டை உண்டு. அண்டையிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரின் இசைவைப் பெற்று, பயின்ற சமூகப் பணியாளர் ஒருவரின் மேற்பார்வையில், ஓராண்டு இடைவிடாது செய்தல் கூடும். இடையில் விடுவதாயின் தொடங்காதிருத்தலே நன்று. ஏனெனில், விடப்படுதலை முன்னரே அறிந்த பிள்ளைகள் அவர்கள்.

பள்ளிகட்குச் செல்லுமுன் நம் விடுதிகளையும் நோக்குதல் தகும். உணவுக்கூடத்தில் நாள்தோறும் தனித்துண்ணும் தோழர் நம்மிடையேயும் இலரோ? அடுத்த விழாவிற்குப் பாடுவோரைத் தேருங்கால், நன்றாகப் பாடுவோரோடு அவரையும் ஒருமுறை அழைப்போமாக. ஏழிசையுள் ஓரிசையும் குறையாதிருத்தலே இசைக்கு நிறைவு. நம் மாணவ வாழ்விற்கும் அஃதே நிறைவாகுக.